மஞ்சள் துணி கட்டிய செம்பருத்தி

எங்கள் செட்டியார்பட்டி சர்ச்சில் கோயில்குட்டி வேலை, அதாவது மணி அடிப்பதும் பெருக்குவதும், தங்கபாய் அக்காவுக்கு. புருஷன் செத்த பிறகு அவர் பார்த்த வேலை இவள் தலையில் விழுந்தது. பிள்ளைகுட்டி கிடையாது. சர்ச்சைச் சுற்றிக் கிடந்த கட்டாந்தரையில் செம்பருத்தி, இட்லிப்பூ, ஆவாரை, எருக்கு என்று கண்டதையும் வைத்தாள். உடைந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். வண்ணத்துப்பூச்சி வந்தது, அணில் வந்தது, ஒரு கீரி குடும்பத்தோடு குடிவந்தது. "பாம்பு வரும்" என்று முணுமுணுக்காத ஆள் சபையில் இல்லை. பாம்பு வரவில்லை, ஜேசிபிதான் வந்தது. அசனப் பண்டிகைக்கு ஊரே உட்கார்ந்து சாப்பிட, தோட்டத்தை வழித்துவிட்டு சிமெண்டுக் கல் பதிப்பதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

அக்கா கமிட்டிச் செயலாளர் ஜெபக்குமாரிடம் போய் நின்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிடு தம்பி. அந்த ஒத்தச் செம்பருத்திய மட்டும் விட்டுரு. தேன்சிட்டு குஞ்சு பொரிச்சிருக்கு. பறந்து போற மட்டும் பொறு."

அவன் நல்லவன்தான். "சரிக்கா, டிரைவருக்குத் தெரியுத மாதிரி ஒரு அடையாளம் கட்டி வையுங்க" என்றான்.

டிரைவர் மலைச்சாமி கூமாப்பட்டிக்காரன், சாமி கும்பிடுகிறவன். அவன் எந்தத் துணிக்குப் பயப்படுவான் என்று யோசித்திருக்கிறாள் இந்தப் பைத்தியக்காரி. சர்ச் காம்பவுண்டுக்குள் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டாள்!

மலைச்சாமி மற்றதையெல்லாம் வழித்து எடுத்தான். செம்பருத்தி முன்னால் வந்ததும் இன்ஜினை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

"சாமி குத்தம் ஆயிரும். நான் தொட மாட்டேன்."

அம்புட்டுதான். "வேதக்கோயிலுக்குள்ள சாமி மரமா?" என்று சனம் கூடிவிட்டது. ஜெபக்குமார் முகம் கறுத்தது. இத்தனை பேர் பார்க்க, இனி அந்தச் செடியை விட்டுவைக்க அவனால் முடியாது.

"ஏன்க்கா, ஒரு பச்சத் துணி உங்களுக்குக் கெடைக்கலையா?"

அழுகிற குரலில்தான் கேட்டான். கேட்டுக்கொண்டே அரிவாளை வாங்கி அவனே வெட்டினான். கூடு மண்ணில் விழுந்தது. அக்கா ஓடிப்போய் அதை மடியில் அள்ளிக்கொண்டாள். இரண்டு குஞ்சும் சாயங்காலத்துக்குள் செத்துப்போயின.

அசனம் பிரமாதமாக நடந்தது. "இப்பத்தான் கோயில் லெச்சணமா இருக்கு" என்று கை கழுவிக்கொண்டே சொன்னார்கள். நான் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

நேற்றுப் போனேன். சிமெண்டுக் கல்லில் கால் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. அக்கா விளக்குமாறும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, பெருக்கலையா?"

"எதப் பெருக்க, பியூலா? ஒரு எல கூட விழ மாட்டேங்கு."