பூவரசங்கதவு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களைக் கதவைத் தள்ளிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

நான் கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். ஒரு புயலில் வாசல் பூவரசு சாய்ந்து பழைய கதவை நொறுக்கிவிட்டது. நொறுக்கிய மரமே புதுக் கதவாகட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். மில்லில் அறுத்ததில் ஐந்து பலகை தேறியது. கதவுக்கு நான்கு வேண்டும்.

கருவாடு காயப் போட்டுப் பழகிய கை ஆயிற்றே. ஒரு பச்சைப் பலகையை மொட்டைமாடியில் உச்சி வெயிலில் போட்டு, கருவாட்டைப் போலவே மத்தியானம் புரட்டியும் விட்டேன். மூன்றாம் நாள் நுனியிலிருந்து நடுவரை பிளந்து கிடந்தது. அழுதுவிட்டேன். இன்னொன்று போனால் கதவே இல்லை.

மிச்ச நான்கையும் மாடிப்படிக்கு அடியில் நிழலில் அடுக்கினேன். காற்றுப் போக இடையிடையே சின்னக் கட்டைகள் வைத்தேன். முனை முந்திக் காய்ந்து பிளக்காமலிருக்க, வெட்டுமுனைகளில் படகுக்கு அடித்து மீந்த பெயிண்டைப் பூசினேன். புதுக் கதவு வரும்வரை வாசலில் ஒரு பழைய பிளெக்ஸ் பேனர் தொங்கியது. யாரோ ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி எங்கள் வீட்டைக் காவல் காத்தார்.

சித்திரையில் பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். காய்ந்துவிட்டது, இழைத்துவிடலாம் என்றார். பேனரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன என் வீட்டுக்காரரும் அவர் பக்கம் சாய்ந்தார். நான் மசியவில்லை. ஞாயிறுதோறும் வியாபாரம் முடிந்ததும் மீன் தராசைக் கழுவி, பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டிருந்தேன். பலகைக்குப் பன்னிரண்டு கிலோ இருந்தது பத்துக்கு வந்திருந்தது. வாராவாரம் இன்னும் குறைந்துகொண்டே இருந்தது.

“உள்ள இன்னும் தண்ணி கீது அண்ணே. எடை நிக்கட்டும், அப்பால உளிய எடு,” என்றேன். மீன்காரி மரம் நிறுக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார் ஆசாரி.

ஆவணியில் எட்டரையில் நின்றது. நான்கு வாரம் இம்மி குறையவில்லை. அப்புறம்தான் இழைக்க விட்டேன்.

ஐப்பசி மழையில் தெருவில் பாதிக் கதவுகள் ஊதிப்போய், ஆட்கள் தோளால் இடித்துத் திறந்தார்கள். எங்கள் கதவை நான் ஒற்றை விரலால் திறந்து காட்டினேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

மழை விட்ட ஒரு நாள் ஆசாரி வந்தார். கதவை இரண்டு முறை திறந்து மூடினார். சந்தில் விரல் விட்டுத் தடவினார்.

“தங்கச்சி, ஞாயித்துக்கெழம அந்தத் தராச கொஞ்சம் குடு. பட்டறையில பச்சப் பலகை கீது.”

கழுவிக் கொடுத்தேன். எப்படி நிறுக்க வேண்டும் என்று நானே கூடப் போய்ச் சொல்லியும் கொடுத்தேன்.