சிபியுவுக்குத் தைத்த சட்டை

எங்கள் கம்பெனியில் எது கெட்டுப்போனாலும் முதலில் வரும் கேள்வி, "யார் தொட்டது?" என்பதுதான். மெஷின் ஊசி ஒடிந்தாலும் அதேதான், டீ ஃபிளாஸ்க் உடைந்தாலும் அதேதான். இந்தச் சித்திரையில் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டுக்காரர் சொல்வது சும்மா இல்லை.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் மார்க்கர் போடுவது என் வேலை. முன்பக்கம், முதுகு, கை என்று ஒவ்வொரு துண்டையும் எப்படி நெருக்கி அடுக்கினால் துணி வீணாகாது என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கட்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். பாதி வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும். ஒரு பட்டனைத் தட்டினால் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ஆக நெருக்கமான அடுக்கைத் தானே கண்டுபிடிக்கும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் மத்தியானம் சாப்பிடப் போகும்போது தட்டிவிட்டுப் போய்விடுவேன்.

அதே நேரத்தில்தான் ஹாலில் ஏர் கன்னை எடுத்து மெஷின்களில் சேர்ந்த பஞ்சை ஊதுவார்கள். ஊதிய பஞ்சு வேறு எங்கே போகும், என் ரூமுக்குத்தான் வரும். போன ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாம் என்று சிபியுவைத் துடைத்தால், துடைத்த துணி கம்பளி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பனியன் துணி. மிக்ஸிக்கு ஒரு சட்டை, தண்ணீர் கேனுக்கு ஒரு சட்டை, ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒரு சட்டை. சிபியுவுக்கும் ஒன்று தைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

தைத்து வரும் பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் டேபிளில் ஓர் அக்கா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தையலும் தெரியும். "அக்கா, சிபியுவுக்கு ஒரு கவர் தெச்சுக் குடுங்க. துளி பஞ்சு உள்ள போகக் கூடாதுங்க," என்றேன். நேவி புளூ துணியை ரெட்டையாக மடித்து, வாய்ப்பக்கம் இழுத்தால் விரியும் ரிப் துணி வைத்து, கைக்குழந்தைக்குத் தைப்பது போலத் தைத்துக் கொண்டுவந்தார். நான் மாட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கோணுங்க்கா," என்றேன். பிரித்து, இறுக்கித் தைத்துக் கொடுத்தார்.

மத்தியானம் ஏர் கன் சத்தம் கேட்டதும் கவரை மாட்டுவேன், சாயங்காலம் கழற்றிவிடுவேன். மார்கழி, தை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பங்குனி கடைசியில் அக்காவுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலெல்லாம் வீங்கிவிட்டது. செக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று முதலாளியிடம் சொல்லி, மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் அடிக்கும் வேலையை வாங்கிக்கொண்டார். அந்த நேரம் நான் கட்டிங் ஹாலில் இருப்பேன், மார்க்கர் அதுபாட்டுக்கு உள்ளே ஓடும், நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். முதல் நாள் உட்கார்ந்துவிட்டு, "கால் தரையில இருக்கதே தெரியலம்மா," என்று என்னிடம் சிரித்தார். அந்த அரை நாள் நாற்காலி அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் கம்ப்யூட்டர் படுக்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். காலையில் என் கையில் ஒழுங்காக இருக்கும், மத்தியானம் அக்கா உட்கார்ந்ததும் அணையும். யுபிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். ஆனால் அதே யுபிஎஸ்ஸில் இருக்கும் மானிட்டர் எரிந்துகொண்டே இருந்ததால் கரண்ட் கோளாறு இல்லை என்று முடிவு செய்தேன். அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. ஏற்றுமதி அவசரத்தில் ஒரு மார்க்கர் பாதியில் அழிந்து கட்டிங்கில் ஆட்கள் சும்மா உட்கார்ந்த அன்று ரூமுக்கு ஓடிவந்தேன். "கைய எடுங்க மொதல்ல. நீங்க தொட்டாத்தான் இது ஆஃப் ஆகுது," என்றேன். கதவு திறந்திருந்தது. செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலாளி கேட்டபோதும் அதையே சொன்னேன். "காத்தால நல்லாத்தானுங்க ஓடுது. அந்தக்கா உக்காந்தாத்தான் நின்னுபோகுது. எதையோ தப்புத் தப்பா அமுக்கிப்போடறாங்க." மறுநாளே அக்கா செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டார்.

ஸ்டிக்கர் வேலை என் தலையில் விழுந்தது. மத்தியானம் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கண்ணெதிரே பட்டென்று அணைந்தது. தப்பாக எதையும் நான் அமுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினேன். பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனை எடுத்தால், அடியிலிருந்த, சூட்டைத் தணிக்கும் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. இடுக்கெல்லாம் பஞ்சு மெத்தை போல அடைத்திருந்தது. அடியில் மெரூன், அதன் மேல் சாம்பல், மேலாக வெள்ளை. நாங்கள் ஓட்டிய ஆர்டர்கள் எல்லாம் வரிசையாக அங்கே குடியிருந்தன. கவர் மாட்டுவதற்கு முன்பே சேர்ந்த பஞ்சுதான் பெரும்பாலும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஏர் கன்னை மெதுவாக வைத்து ஊதினேன், பிரஷ்ஷால் தட்டினேன். பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. கடையில் புதிது வாங்கி, பழையதைத் துடைத்துவிட்டு, பச்சைப்பயறு அளவு வைத்துத் தகட்டை முடுக்கினேன். சூடு காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றையும் போட்டேன். மறுநாள் காலை முழுக்க எண் ஏறவே இல்லை. அப்பாடா, பஞ்சுதான் காரணம், யார் மேலும் தப்பில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

மத்தியானம் வழக்கம்போல மார்க்கர் பட்டனைத் தட்டினேன். ஹாலில் ஏர் கன் சத்தம் கேட்டதும் வழக்கம்போலக் கவரை இழுத்து மாட்டினேன். ஸ்டிக்கர் அடிக்க உட்கார்ந்தால், ஓரத்தில் இருந்த எண் ஏற ஆரம்பித்தது. ஃபேன் அலறியது. எண் தொண்ணூறைத் தாண்டியது. கவரைக் கழற்றினேன், இறங்கியது. மறுபடி மாட்டினேன், மறுபடி ஏறியது. கம்ப்யூட்டர் உயிரைக் கொடுத்து உழைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் நான் தினமும் அதன் மூக்கையும் வாயையும் பொத்தியிருக்கிறேன். அக்கா அமுக்கியதெல்லாம் பிரிண்ட் பட்டன் ஒன்றுதான்.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் சிரித்தார். "இப்ப ஓடுதல்ல அம்மணி, அது போதும். அந்தக்காவ வேணும்னா திரும்ப வரச் சொல்லு," என்றார்.

டீ நேரத்தில் அக்காவிடம் போனேன். "அக்கா, கம்ப்யூட்டர் நின்னது உங்களால இல்லீங்க. கவர் காத்த அடச்சுருச்சுங்க, அந்தச் சூட்டுலதான் நின்னிருக்குது," என்றேன். சொன்ன பிறகுதான் எப்படிச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"அது நான் தச்ச கவருல்லா. அப்போ என்னாலதானம்மா நின்னுருக்கு."

"ஐயோ, இல்லீங்க்கா. தெய்க்கச் சொன்னது நானு, டைட்டு பண்ணச் சொன்னது நானு, தெனமும் மாட்டுனது நானு. தப்பு பூரா என்னுதுங்க. உங்க மேல பழி போட்டுட்டேன்."

"நீ நல்லதுக்குத்தான சொன்ன," என்றார். "நாந்தான் பாத்துத் தச்சிருக்கணும்."

நாளையிலிருந்து வந்து உட்காருங்கள் என்று கெஞ்சினேன். அவர் கையிலிருந்த பனியனைத் திருப்பித் தையலைப் பார்த்தபடியே, "வேண்டாம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அத்தன பேரு முன்னால கைய எடுங்கன்னு சொன்னல்லா. அதுல இருந்து அந்தக் கீபோர்டு மேல வெரல் வைக்கணும்னு நெனச்சாலே நடுங்குது. இன்னொரு தடவ நின்னுட்டுன்னா என்னால தாங்க முடியாது."

கவரைத் துண்டு துண்டாக வெட்டி மெஷின் துடைக்கக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் இப்போது ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. ஸ்டிக்கரை நானே அடித்து, சாயங்காலம் செக்கிங் டேபிளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தூரத்தில் வரும்போதே பார்ப்பேன், அக்கா ஒரு காலைத் தூக்கி, கீழே கிடக்கும் அட்டைப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு மறு காலில் நிற்பார். என்னைப் பார்த்ததும் அந்தக் காலை இறக்கித் தரையில் வைத்துக்கொள்கிறார்.