கிட்டாருக்குள் போட்ட அரிசி

எனக்கு வயசு எழுபத்தொன்பது. பெத்தது நாலு, நாத்தனார் விட்டுப் போன பையனையும் சேர்த்து வளர்த்தது அஞ்சு. அஞ்சு கல்யாணத்தில் நான் தலை குனிந்தது ஒன்றில்தான், மூத்த மகள் கல்யாணத்தில்.

ஜலகண்டாபுரத்துப் பக்கம் எங்க தோட்டம். மாப்பிள்ளைக்குச் சேலத்தில் பேங்க் வேலை. மோதிரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், ஜப்பான் கிட்டார் ஒன்று கிடைத்தால் போதும் என்று சொல்லியனுப்பினார். எங்க ஊட்டுக்காரர் லாரி டிரைவரிடம் சொல்லி, மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் விசாரித்து வாங்கி வரச் செய்தார். கப்பல்காரர் ஒருத்தர் வைத்திருந்த பழசுதான், ஆனால் ஒரு கீறல் கிடையாது. பெட்டியைத் திறந்தால் தேன் நிறம். ஓட்டையைச் சுற்றிச் சிப்பியை நறுக்கிப் பதித்திருந்தார்கள். தடவினால் விரலுக்கு மேடு பள்ளம் தெரியவில்லை. அக்கம்பக்கத்துப் பொம்பளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சீர்ப் பாத்திரம் எதையும் வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றிலும் அரிசி போட்டேன். கிட்டாரும் உள்ளே வெறுமைதானே என்று, மஞ்சள் தண்ணியில் பிசறிய அரிசியில் இரண்டு கை அள்ளிக் கம்பிக்கு நடுவே ஓட்டைக்குள் விட்டேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று சிநேகிதர்கள் கேட்டார்கள் என்று மாப்பிள்ளை வாசிக்க எடுத்தார். தூக்கியதும் முறத்தில் புடைக்கிற சத்தம். கவிழ்த்தார். பட்டு வேட்டியெல்லாம் அரிசி. மண்டபமே சிரித்தது.

சம்பந்தியம்மா நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க சம்பந்தி, கிட்டாருக்குப் பசிக்குமுன்னு அரிசியும் கட்டிக் குடுத்துட்டீங்களாக்கும்?" என்றார்.

என் மானம் போனால் போகட்டும். இதைச் சொல்லியே அந்த வீட்டில் என் மகளைக் குத்துவார்களே என்றுதான் பயந்தேன். மாப்பிள்ளையைக் கம்பிகளைத் தளர்த்தச் சொல்லி, ஒட்டிக் கிடந்த அரிசியை எடுக்க நானே விரலை விட்டேன். ஓட்டை விளிம்பில் பலகை அப்பளம் மாதிரி மெலிசு. உள்ளே அதைத் தாங்கச் சின்னச் சின்னச் சட்டங்கள். ஒவ்வொன்றின் முனையையும் சீவி வழவழப்பாக்கி, பசை ஒரு சொட்டு வழியாமல் ஒட்டியிருந்தான் அந்த ஜப்பான்காரன். ஒருத்தரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு சுத்தம். பூச்சில்லாத அந்த மரத்தில் என் மஞ்சள் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. முந்தானையில் துடைத்தேன், போகவில்லை.

"போதும்மா, எந்திரிச்சுப் போ. எல்லாரும் பார்க்கறாங்க," என்றாள் மகள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை, "இருக்கட்டுங்க அத்தை," என்று வாங்கிக் கம்பியை முறுக்கி வாசித்தார். நல்லா இருந்தது என்றார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

சம்பந்தியம்மா இருந்த வரைக்கும் அந்த வீட்டில் என் மகளுக்கு அரிசிக்காரி என்றே பேர். அவள் என்னிடம் சொன்னதில்லை. அங்கே வீட்டு வேலைக்கு வந்தவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அங்கே போகும்போதெல்லாம் சுவரில் மாட்டிய கிட்டாருக்கு முதுகைக் காட்டியே உட்காருவேன்.

சாமி, நீ அவள் பெத்த பிள்ளை. நான் சொல்லச் சொல்ல எழுதினதை ஒருக்கா படிச்சுக் காட்டு. உங்கம்மாளைக் குறை சொன்ன மாதிரி எங்கேயாவது இருந்தால் அதை அடிச்சுடோணும்.