சர்வேயர் கட்டிய சிவப்பு நூல்

ஊசியக்காவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் கிடையாது. பட்டப்பெயருக்குத் தையல் ஒரு காரணம், வாய் இன்னொரு காரணம். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அவள் செய்துவந்த திருட்டுத்தனம் மட்டும் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. புருஷனின் மோட்டார் சைக்கிளை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புருஷன் நிலம் அளக்கும் சர்வேயர். அளக்காமல் எதையும் நம்பாத மனிதர். "நீ வண்டி ஓட்டப் போறியா? தையல் மிஷின மிதி, போதும்" என்று ஒருநாள் சிரித்துவிட்டார். லைசென்ஸை வாங்கி இவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறேனா இல்லையா பார் என்று அன்றே அவள் கறுவிக்கொண்டாள். அவர் ஆபீஸ் ஜீப்பில் போகும் நாட்களில், அவருடைய சட்டையையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "நேத்து அத்தனை தடவை கூப்பிட்டேன், திரும்பியே பாக்காம போறீங்களே சார்" என்று எதிர்வீட்டு வாத்தியார் கோபித்துக்கொண்டபோது, தனக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று சர்வேயர் இரண்டு நாள் கவலைப்பட்டார்.

ஒரே இடைஞ்சல் அந்த நூல். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை எப்போது சர்வீஸுக்கு விடுவது என்று கண்டுபிடிக்க, அதன் பளபளக்கும் குழாயில் அவளுடைய சிவப்பு நூலையே வாங்கிக் கட்டியிருந்தார். பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கும், நூல் மேலே ஏறும். தினமும் சாயங்காலம் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். நூல் நாலு விரல் ஏற வேண்டும், அல்லது குழாயில் எண்ணெய் கசிய வேண்டும். அதுவரை சர்வீஸ் என்ற பேச்சே கிடையாது.

ஊசியக்காவா அசருவாள்? ஓட்டி முடித்ததும் நூலைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு, வெட்டுத்துணியால் குழாயைத் துடைத்துவிடுவாள். ஒருநாள் சுத்தமாகவும் மறுநாள் புழுதியாகவும் இருந்தால் சந்தேகம் வருமே. அதனால் அவர் ஓட்டிய நாட்களிலும், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் துடைத்துவைத்தாள்.

பதினைந்து நாளாக அந்தத் துணியில் எண்ணெய் படிந்தது. பிரேக்கைத் தொட்டால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. பள்ளத்தில் விழுந்தால் 'டங்'கென்றது. ஆமை வேகத்தில் போகும் சர்வேயருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்ட் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: "ஜீப் படுத்துடுச்சு. ஞாயித்துக்கிழமை நம்ம வண்டியிலேயே மலைக்குப் போறேன். மூணு நாள் வேலை."

ஊசியக்கா மெல்ல ஆரம்பித்தாள்: "எதுக்கும் மெக்கானிக்கிட்ட ஒருதடவை காட்டிட்டுப் போங்களேன்."

"எதுக்கு?" நோட்டைப் பிரித்துக் காட்டினார். "மூணு மாசமா ரெண்டு விரலுக்கு மேல நூல் ஏறல. ஒரு சொட்டு எண்ணெய் கசியல. கண்ணாடி மாதிரி இருக்கு!"

கண்ணாடியாக்கியதே அவள்தானே! குறுக்குப் புத்தி அப்போதும் விடவில்லை. மறுநாள் விடியுமுன் தையல் மிஷின் எண்ணெயைக் குழாயில் தாராளமாகத் தடவிவைத்தாள். சர்வேயர் விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"ஏம்மா, இது உன் மிஷின் எண்ணெய்ல்ல?"

மூன்று மாத ரகசியம் ஒரு பக்கம், கொண்டை ஊசி வளைவுகளில் இந்த மனுஷன் ஒரு பக்கம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிரேக் பிடிச்சா முன்னாடி குத்துதுங்க. தினமும் எண்ணெய் கசியுது, நான்தான் தொடச்சு வெச்சேன். சும்மா சொல்லல, ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வாத்தியார் கூப்பிட்டது உன்னையா?" என்று மட்டும் கேட்டார்.

மெக்கானிக் ஃபோர்க்கைக் கழற்றியதும் எண்ணெய்க்குப் பதில் கறுப்புச் சேறுதான் வந்தது. "எண்ணெயத் தடுக்கிற சீல் கிழிஞ்சு பிரேக் வரைக்கும் எண்ணெய் இறங்கியிருக்கு சார். இதோட மலை இறங்கியிருந்தா அவ்வளவுதான். யாரு கண்டுபிடிச்சது?"

"வீட்ல" என்றார் சர்வேயர், தரையைப் பார்த்தபடி.

சாயங்காலமே வண்டி தயாராகி வீடு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "மலையில பஸ்தான் சௌகரியம்" என்றார்.

திங்கட்கிழமை காலை, டெஸ்டுக்குக் கிளம்புமுன் பழக்கதோஷத்தில் நூலைச் சரிபார்க்கக் குனிந்தாள் ஊசியக்கா. குழாயில் நூலைக் காணோம். உள்ளே வந்து பார்த்தால், அதைக் கழற்றிச் சுருட்டி அவளுடைய நூல் பெட்டியிலேயே போட்டிருந்தார். பக்கத்தில் வண்டிச் சாவியும் இருந்தது.