வயிற்றுக்குள் போன வாசம்

என் மருமகளைப் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கி என்றுதான் சொல்வார்கள். மேஜை, அலமாரிக்கு வார்னிஷ் அடிப்பது அவள் வேலை. பூச்சு காய்ந்துவிட்டதா என்று மற்றவர்கள் தொட்டுப் பார்த்து விரல் தடத்தைப் பதித்துவைப்பார்கள். இவள் குனிந்து ஒரு தடவை மோந்தால் போதும். "இன்னும் உள்ள ஈரம் இருக்கு" என்பாள். சொன்னால் சொன்னதுதான். அந்த மூக்கு அவள் அப்பா கொடுத்தது. அவருக்கும் இதே தொழில். கடைசியில் மூச்சு இளைத்தே போய்ச் சேர்ந்தார்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் வேலையை விடச் சொன்னேன், கேட்கவில்லை. முதலாளி நல்ல முகமூடியாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனேன். முகமூடி கழுத்தில் தொங்குகிறது. இவள் அலமாரிக்குள் தலையை விட்டு மோந்துகொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, கழுத்தா மூச்சு விடுது, அதுக்குப் போட்டு வெச்சிருக்கே?"

"மோந்து பாக்கத்தான் அத்தை இறக்கினேன். அடிக்கும்போது போட்டுக்கிறேன்."

"வயித்துல இருக்கறது என்ன அலமாரியா, அப்புறமா தேய்ச்சு சரிபண்ண?"

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். முகமூடி மட்டும் மேலே ஏறவில்லை.

பிரசவத்துக்குச் சேர்த்தபோது, ஆராய்ச்சிக்காகத் தொப்புள்கொடி ரத்தம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மா கேட்டாள். எதற்கு என்றேன்.

"வீட்டு ஒயரிங் மாதிரி வெச்சுக்கோங்கம்மா. எந்த பல்பு எங்கேங்கறது அப்பா அம்மா கொடுத்த மரபணு. எது எரியணும், எது அணைஞ்சிருக்கணும்னு வயித்துக்குள்ளயே சுவிட்ச் போட ஆரம்பிச்சிடுது. அம்மா சாப்பிடறது, சுவாசிக்கிறது எல்லாம் அதுல கை வைக்கும்."

"இவ அப்பாவுக்கு இளைப்பு இருந்துச்சே?"

"அதுவும் சேரும். ஒரே புகையை ரெண்டு பேர் சுவாசிச்சாலும் ஒரு குழந்தைக்கு சுவிட்ச் மாறும், இன்னொண்ணுக்கு மாறாது. வாங்கி வந்த மரபணு அப்படி."

"எங்க பிள்ளைக்கு?"

"தெரியாதும்மா. ரத்தத்தைப் பாத்தாலும், இதுதான் வரும்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

மருமகள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பெண் பிறந்தது. எடை கொஞ்சம் கம்மி, மற்றபடி குறை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஓயாத அழுகை. பால் கொடுத்தாலும் அடங்கவில்லை, மடியில் போட்டு ஆட்டினாலும் அடங்கவில்லை. ஒரு மதியம் மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய வேலைச் சட்டை காய்ந்த கொடிப் பக்கம் போனாள். அழுகை பட்டென்று நின்றது. சின்ன மூக்கு விரிந்தது. தலை சட்டையை நோக்கித் திரும்பியது.

தள்ளிப் போனாள், அழுதது. கிட்டே வந்தாள், நின்றது.

"இதைத் துவைச்சீங்களா அத்தை?"

"வெந்நீர்ல ஊறவெச்சு, சோப்பு கரையற வரைக்கும் கசக்கினேன். ஒரு வாசமும் இல்லையே."

"எனக்குத் தெரியுது" என்றாள். பிள்ளையின் மூக்கைப் பார்த்து, "இவளுக்கும் தெரியுது."

சட்டையை அப்போதே எரித்தேன். பிள்ளை அழுதால் அழட்டும் என்று நானே தூக்கிக்கொண்டு நடக்கிறேன். மருமகள் அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் போகவில்லை. பிள்ளை தூங்கும்போதெல்லாம் குனிந்து அதன் மார்பில் காதை வைத்துக்கொள்கிறாள்.

"இளைப்பு கேக்குதா?" என்பேன்.

"இன்னும் இல்ல, அத்தை."