முதல் நான்கு எழுத்துகள்

எங்கள் மருத்துவமனையில் கணினிப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவரை 'இன்னொருதரம் அக்கா' என்போம். எதைக் கொடுத்தாலும் "இன்னொரு தரம் பாத்துடலாமா?" என்பார். சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகும் ஒருமுறை திறந்து பார்ப்பார் என்று கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். கணவர் போன பிறகு இருபத்திரண்டு வருடம், ஒற்றை ஆளாக மகனைப் படிக்கவைத்தபடி, ஜன்னலில்லாத அந்தக் கணினி அறையில் வேலை பார்த்தவர்.

நான் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். நோயாளி பெயரின் முதல் நான்கு எழுத்தைத் தட்டினால் பழைய விவரம் வரவேண்டும். பதிவேடுகளைச் சேமிக்கும் கணினியான சர்வரை மாற்றி, புது சர்வர் வாங்கியபோது நாங்கள்தான் நச்சரித்தோம். "பேர்ப் பட்டியல் அகரவரிசையில வரலக்கா, தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போகுது." அக்கா புது சர்வரில் மொழி அமைப்பை மாற்றி, பெயர்கள் நம் மொழி முறைப்படி அடுக்கப்படும்படி செய்தார். இருநூறு பெயரை வைத்துச் சோதித்தார், வழக்கம்போல் இரண்டு தரம். பட்டியல் அழகாக வந்தது.

பெயர்களுக்கு இண்டெக்ஸ் என்று ஒன்று உண்டு, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. மொழி முறையில் அடுக்கிய இண்டெக்ஸை, 'இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்' என்று தேடும்போது எங்கள் மென்பொருள் தொடுவதே இல்லை. முப்பது லட்சம் பதிவுகளையும் ஒன்று விடாமல் புரட்டும். இருநூறு பெயரில் அது தெரியவே தெரியாது.

புது சர்வர் ஓடத் தொடங்கிய பின் வந்த முதல் திங்கட்கிழமை காலை, எல்லாக் கவுண்டரிலும் கூட்டம். காலில் புண் புரையோடி, காய்ச்சலில் நினைவிழந்த ஒரு தச்சரைத் தூக்கி வந்தார்கள். உடன் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். தட்டினேன். திரை சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னும் வரலையா?" டாக்டர் தானே வந்து கேட்டார்.

"சுத்திக்கிட்டே இருக்கு டாக்டர்."

அவரால் காத்திருக்க முடியவில்லை, ஊசி போட்டுவிட்டார். நூறு நொடி கழித்துப் பதிவு வந்தது. அந்த மருந்து இவருக்கு ஒவ்வாது என்று முதல் வரியிலேயே சிவப்பில் இருந்தது. மதியத்துக்குள் தச்சர் இறந்துவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு இரண்டு நாள் பிடித்தது. தொடக்க எழுத்துத் தேடலுக்கென்று தனியாக இன்னொரு இண்டெக்ஸ் போட நான்கு நிமிடம்.

"அறிக்கையில நெட்வொர்க் கோளாறுன்னு எழுதிடுங்க. ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம்தான் இருக்கு, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? யாருக்கும் புரியப்போறதில்ல," என்றார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"புரியாதுங்கிறதுக்காகப் பொய் எழுத முடியுமா சார்?" என்றார் அக்கா. 'அமைப்பை மாற்றியது நான், முழுப் பதிவேட்டை வைத்துச் சோதிக்காததும் நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேலை போயிற்று.

அவர் சாமான்களை எடுத்துவைத்த அன்று, அறிக்கையின் நகலோடு தச்சரின் மகள் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இதுல பாதி எனக்குப் புரியல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்திருந்தா, எங்கப்பா பேரு வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

அக்கா ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார் என்று நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மழுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒரு நொடிகூட ஆகியிருக்காதும்மா."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் அவள் எதிரில் உட்கார்ந்தார். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு என் இடத்துக்குப் போனேன். அன்று வந்த எல்லாருடைய பெயரும் தட்டியவுடனே வந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.