டாக்டரைச் சாகடித்தவர்களுக்குத் தனி அறை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே இருப்பவர்கள் கத்திக் கூப்பாடு போட்டாலும் பதறாத மனுஷன். அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்தார். காரணம், டிவி தொடரில் வந்த ஒரு கப்பல் டாக்டர்.

தொடரின் கடைசிக் காட்சியில் அந்த டாக்டர் சின்னப் படகில் ஏறிப் புயலுக்குள் போவார். அதோடு முடித்துக் கையைக் கழுவிவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. மிச்சக் கதையைத் தாங்களே எழுதி, ஃபோனில் ஒரு குழு ஆரம்பித்துப் போடத் தொடங்கினார்கள். பாதிப் பேர் டாக்டரைக் கரை சேர்ப்பார்கள். மீதிப் பேர் விதவிதமாகச் சாகடிப்பார்கள். அந்தக் குழுவுக்கு என் வீட்டுக்காரர்தான் நிர்வாகி. அவரும் எழுதுவார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தட்டித் தட்டி. அவர் கதை எல்லாவற்றிலும் டாக்டர் வீடு திரும்பிக் கதவைத் தட்டுவார், மனைவி ஓடி வந்து திறப்பாள். வேறு சரக்கே கிடையாதா என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்தச் சரக்கு அவருடைய அக்காவுக்காக. எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிற என் அண்ணி. அண்ணியின் கணவர் போன வருஷம் காலையில் வேலைக்குக் கிளம்பியவர், பஸ்ஸிலேயே நெஞ்சடைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணியிடம் எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும்தான் பதில். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பார்த்த தொடர் அது. மனசுக்குக் கொஞ்சம் மாற்றமாக இருக்கட்டும் என்று இவர்தான் அண்ணியைக் குழுவில் சேர்த்துவிட்டார்.

சேர்த்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரின் உடல் கரை ஒதுங்குகிற கதை ஏதாவது அக்கா கண்ணில் பட்டுத் தொலைத்தால்? லிஃப்ட் கதவைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு மாடியிலும் எச்சரிக்கைப் பலகை மாட்டிப் பழகியவர் இவர். சாவுக் கதைகளுக்கு இனிமேல் குழுவுக்குள்ளேயே தனி அறை, வாசலிலேயே எச்சரிக்கை என்று அறிவித்தார். குழு இரண்டுபட்டது. டாக்டரை அதிகமாகச் சாகடிக்கிற பள்ளிக்கூட டீச்சர் பிடிபிடியென்று பிடித்தார். யார் சாகப்போகிறார் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் கதையில் என்ன இருக்கிறது, எங்களை ஒதுக்கிவைக்க நாங்கள் என்ன தொற்றுநோய்க்காரர்களா என்று கேட்டார். மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் காத்திருந்த ஒருவரோ, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று எழுதினார். டீச்சர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. மகனுக்காகக் காத்திருந்தவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது. என் வீட்டுக்காரரும் இப்படியே இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த குழப்பம் பெரிய குழப்பம். யார் எந்தக் கதையைப் படிக்கிறார்கள் என்பது நிர்வாகிக்குத் தெரியும். தனி அறை வந்ததிலிருந்து அண்ணி வெளியில் ஒரு கதையைக்கூடத் தொடவில்லை. சதா அந்தத் தனி அறையிலேயே கிடந்தார், படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தார். பார்த்ததும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா ஏதாவது பண்ணிக்குவாளோ?" என்றார் என்னிடம்.

யாரையும் கேட்காமல் அறையை மூடினார்.

அன்று சாயங்காலமே அண்ணி கீழே இறங்கி வந்தார். கூப்பிடாமல் அவராக வந்தது பல மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"ஏன்டா மூடுன?"

உனக்காகத்தான், அதையெல்லாம் படித்து நீ உடைந்துபோவாயோ என்று பயந்தேன் என்றார் இவர்.

"அங்கதான்டா எனக்கு நிம்மதி. அங்க செத்தவர் செத்தவராவே இருக்காரு. அந்தப் பொண்டாட்டி அழறா, நானும் கூட உக்காந்து அழறேன். அழுதுட்டு எழுந்து சாப்பிடறேன். உன் கதையத்தான் என்னால தாங்க முடியல."

"என் கதையிலதான் அவர் வந்துடறாரேக்கா."

"அதான். உன் டாக்டர் கதவுல ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அது உன் மாமா தட்டறதுடா. படிச்சப்பல்லாம் எழுந்து போய்க் கதவத் தொறந்து பாத்தேன்."

சத்தியமாக இவருக்கு அது தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று யோசித்து எழுதுகிற ஆள் இல்லை. கைக்கு வந்ததை எழுதியிருக்கிறார். அப்படியென்றால் எழுதுவதையே நிறுத்திவிடவா என்று கேட்டார்.

"வேணாம். நல்லாத்தான் எழுதற. மேல ஒரு வரி மட்டும் போட்டுவை. தெம்பு இல்லாத அன்னிக்கு நான் படிக்காம இருந்துக்கறேன்."

அண்ணி படியேறியதும் இவர் அறையைத் திறந்துவிட்டார். பிறகு தன் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலையில் அந்த வரியைச் சேர்த்தார்: 'எச்சரிக்கை: இதில் அவர் திரும்பி வந்துவிடுகிறார்.' குழுவில் ஒரே சிரிப்பு. நல்ல முடிவுக்கு யாராவது எச்சரிக்கை போடுவார்களா, நிர்வாகிக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டீச்சர்கூடக் கேட்டார்.

இவர் மூன்றாவது கதைக்கு வந்தபோது ஃபோனைக் கீழே வைத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதார். மாமா போனதற்கு அவர் முதன்முதலாக அழுதது அன்றைக்குத்தான்.